இருக்கையின் அகலம் எவ்வளவு?

அமெரிக்க நாட்டின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்து யுனிவர்சல் பூங்காவில், ஹாரி பாட்டர் கதையில் வரும் மாயக் கோட்டை பாறைகளின் மேல் கோபுரம் கோபுரமாக எழுந்து நிற்கிறது. அதன் வாயிலருகே, உள்ளே விரையும் கூட்டத்திலிருந்து சற்றே ஒதுங்கி, மாதிரி இருக்கை வைக்கப்பட்டிருக்கிறது. விடுமுறைக் காலத்தில் எந்த நாள் அங்கே நின்றாலும் இக்காட்சியைக் காணலாம்: பருத்த சரீரமுடைய தந்தை ஒருவர், கறுப்பு அங்கி தரித்துக் கையில் மந்திரக்கோல் பிடித்த பத்து வயது மகளின் கண் முன்னே அவ்விருக்கையில் அமர்கிறார், பணிப்பெண் தோளுக்கு மேலிருந்து தடுப்புச் சட்டத்தைக் கீழே இழுக்கிறாள், அது மார்பின் மேல் வந்து தடைப்படுகிறது, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்படி அவள் மரியாதையுடன் வேண்டுகிறாள், அவரும் அவ்வாறே செய்கிறார், சட்டம் இன்னும் ஓரங்குலம் இறங்குகிறது, ஆனால் பூட்டு விழும் ஓசை மாத்திரம் கேட்கவில்லை. "நீ அம்மாவோட போயிட்டு வாடா கண்ணு, அப்பா இங்கேயே நிக்கிறேன்" என்று சொல்லி அவர் எழுந்திருக்கிறார்.

அந்தத் தந்தை தமிழராகவும் இருக்கலாம். மகனையோ மகளையோ காணக் கடல் கடந்து செல்லும் நம் பெற்றோர், பேரக் குழந்தைகளின் கை பற்றி இப்பூங்காக்களுக்குள் பிரவேசிப்பது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. அவர்களில் உடல் பருத்தவர் உண்டு. முழங்கால் வலியால் நூறு அடிக்கு ஒரு முறை நிற்பவர் உண்டு. பக்கவாதம் கண்டு மீண்டவர் உண்டு. எல்லோரும் ஒரே விலையைக் கொடுத்துத்தான் நுழைவுச் சீட்டு வாங்குகிறார்கள். எல்லோருக்கும் ஒரே பூங்கா கிட்டுகிறதா என்பதே இவ்வாரத்துக் கேள்வி.

முதலிலேயே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆபத்து உண்டென்று தெரிந்தால் ஒருவரை ஏற்ற மறுப்பது பூங்காவின் கடமை. அந்த மறுப்பை, அவரை நீண்ட நேரம் வரிசையில் நிற்க வைத்த பின், அந்நியர் பலர் பார்த்திருக்க ஏறுமேடையில் வைத்து அறிவிப்பது அநியாயம். அத்தகைய மறுப்புக்கே இடமில்லாதபடி இருக்கையை வகுப்பதோ, வரைபடம் தீட்டுகிற காலத்திலேயே செய்திருக்க வேண்டிய காரியம். இவற்றைத் தனித்தனியே பிரித்தறியாமல் குழப்பிக்கொள்வதனாலேயே ஒரு பக்கம் மனிதர் அவமானப்படுகிறார்கள். மறுபக்கம் சிலர் உயிரையே இழந்திருக்கிறார்கள்.

கம்பி எங்கே நிற்கிறது?

ரோலர் கோஸ்டர் வண்டி ஒரு மேட்டின் உச்சியைக் கடந்து சரேலெனச் சரியும்போது, அதில் அமர்ந்திருப்பவரின் உடல் தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே மேலெழ முற்படுகிறது. அந்தக் கணத்தில் மனிதரை இருக்கையோடு பிணைத்து வைப்பது தொடைமேல் இறங்கும் கம்பி, அல்லது தோள்மேல் இறங்கும் சட்டம். கம்பி இடுப்பை ஒட்டித் தொடைகளின் மேல் படிந்திருக்கும் வரையில் உடல் எழும்ப இயலாது; முன்னே சரிந்த வயிற்றின் மீது அது நின்றுவிட்டாலோ, வயிறு நெகிழ்ந்து கொடுக்கும் தன்மையதாகையால், கம்பிக்கும் தொடைக்கும் நடுவே எஞ்சிய வெளியே உடல் நழுவிச் செல்லும் வழியாகிவிடுகிறது.

ஆகவே எடை மாத்திரம் இங்கே அளவுகோலாகாது. ஒரே எடையுள்ள இருவரில், உயரமானவருக்குக் கம்பி சுலபமாகப் படிய, குள்ளமானவருக்குப் படியாமல் போகலாம். தோள் சட்டத்தில் மார்பு பருத்த பெண்கள் படும் சிரமத்தைத் தொந்தி பெருத்த ஆண்கள் படுவதில்லை. 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் டிஸ்னி வேர்ல்டில் திறக்கப்பட்ட ட்ரான் என்னும் சவாரியில் மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோல் முன்னே குனிந்து அமரவேண்டும். கெண்டைக்காலின் பின்னே ஒரு தடுப்பு வந்து பூட்டுகிறது. எனவே வயிறு ஒட்டிய தேகாப்பியாசக்காரர் ஒருவரும் தம் கெண்டைச் சதையின் திரட்சியால் அங்கே திருப்பி அனுப்பப்படக்கூடும். இதை முன்னுணர்ந்த நிர்மாணிகள், சாதாரண நாற்காலி போன்ற இருக்கையுடைய பெட்டியொன்றைச் சில தொடர்களின் கடைசியில் இணைத்திருக்கிறார்கள். வண்டி ஓடத் தொடங்குமுன்பே செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பழங்காலத்து ராட்டினங்களில் இவ்வளவு நுணுக்கம் இருந்ததில்லை. நியூயார்க்கின் கோனி தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கேளிக்கைப் பூங்காக்கள் பெருகிய காலத்தைத் தொடர்ந்து வெகுகாலம் வரையில், பெஞ்சு ஒன்றுக்குக் கம்பி ஒன்று என்பதே வழக்கம். பெரியவரின் மடியில் கம்பி நின்றுவிட, பக்கத்தில் அமர்ந்த குழந்தையின் மடிக்கு மேல் ஒரு சாண் வெளி எஞ்சும். அந்த ஆபத்தைத் தவிர்க்கவே ஆளுக்கொரு கம்பி வந்தது. ஆளுக்கொரு கம்பி வந்தவுடன் ஒவ்வோர் ஆளின் அளவும் கேள்விக்குள்ளாயிற்று.

இதற்கிடையே மனிதரின் அளவும் மாறிற்று. அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, 1960-களின் தொடக்கத்தில் அந்நாட்டு ஆடவரின் சராசரி எடை சுமார் 75 கிலோ. இப்போதோ சுமார் 90 கிலோ. வயது வந்தோரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் உடற்பருமன் உடையவர்கள். ஐந்தில் இரண்டு பேரை விதிவிலக்கென்று கருதும் கணக்கு எங்ஙனம் நியாயமாகும்?

2010-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அந்த மாயக் கோட்டை திறக்கப்பட்டபோது நேர்ந்ததும் இதுவே. இயந்திரக் கரமொன்று நால்வர் அமரும் பெஞ்சைத் தூக்கிச் சுழற்றும் அச்சவாரியில், தோள் சட்டம் பூட்டிக்கொள்ளாமையால் திரும்பியவர் அநேகர். முறையீடுகள் வலுத்த பின்னர், பெஞ்சின் இரு ஓரத்து இருக்கைகளும் பெரிய உடலினருக்கு ஏற்றபடி மாற்றியமைக்கப்பட்டன. மாற்ற முடிந்தது என்பதே, முதலிலேயே செய்திருக்க முடியும் என்பதற்குச் சாட்சி. அவ்வாறு மாற்றிய பின்னும் இடங்கொள்ளாதவர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே வாயிலில் அந்த மாதிரி இருக்கை நிற்கிறது. வரிசையில் நின்று கால் கடுத்த பிறகு தெரிந்துகொள்வதைவிட வாயிலிலேயே தெரிந்துகொள்வது மேல்தான். ஆனால் அதைச் சுற்றி ஒரு திரையாவது கட்டக்கூடாதா? துணிக்கடையில் சட்டை போட்டுப் பார்க்க மறைவிடம் தருகிறவர்கள், மனிதன் தன் உடலையே அளந்து பார்க்கும் இடத்தை நடைபாதையோரத்தில் வைப்பது எனக்குச் சகிக்கவில்லை.

┃ பெட்டிச் செய்தி: விதியும் அளவும்
┃ 1978: சவாரிகளின் பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் குழு அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் நிறுவனத்தில் தோன்றியது. சவாரியின் வேகமாற்ற விசையை அனுசரித்துத் தடுப்புக் கருவிகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிப்பது அதன் தரமே.
┃ 1990 ஜூலை 26: அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) கையொப்பமிட்டார்.
┃ 2012 மார்ச் 15: அச்சட்டத்துக்குரிய 2010-ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் அமலுக்கு வந்தது. இதன்படி புதிதாக நிறுவப்படும் சவாரியில் சக்கர நாற்காலியோடு ஏறும் இடமோ, அதிலிருந்து மாறி அமரத்தக்க இருக்கையோ, மாற்றி அமர்த்தும் சாதனமோ, ஏதேனும் ஒன்று இருத்தல் வேண்டும்.
┃ மாறி அமரும் இருக்கையின் உயரம்: ஏறுமேடையிலிருந்து 14 முதல் 24 அங்குலம்.
┃ சக்கர நாற்காலிக்கு ஒதுக்கவேண்டிய இடம்: 30 அங்குலத்துக்கு 48 அங்குலம்.
┃ விலக்கு: ஊர் ஊராகச் சென்று பொருத்தப்படும் சந்தை ராட்டினங்கள், குழந்தைகளுக்கென்றே அமைந்த சவாரிகள்.

தாட்சண்யம் தந்த துயரம்

மறுப்பின் வேதனையைச் சொன்ன கையோடு, மறுக்காமையின் விளைவையும் சொல்லியாக வேண்டும்.

2011-ஆம் ஆண்டு ஜூலையில், நியூயார்க் மாநிலத்து டேரியன் லேக் பூங்காவில், ஈராக் யுத்தத்தில் இரு கால்களையும் இழந்த வீரர் ஒருவர் தம் குடும்பத்தாருடன் வந்து, உயரமான ரோலர் கோஸ்டரில் ஏற விரும்பினார். இரு கால்களும் உள்ளவரே அதில் ஏறலாம் என்பது அச்சவாரிக்குரிய விதி. தேசத்துக்காக உறுப்புகளை ஈந்த ஒருவரை வேண்டாமென்று சொல்ல அங்கிருந்த பணியாளருக்கு மனம் வந்திராது என்றே நான் எண்ணுகிறேன். ஏற்றினார்கள். கம்பியைத் தாங்கித் தடுக்கத் தொடைகள் இல்லாத அவ்வுடல் ஓட்டத்தின் நடுவே வெளியே எறியப்பட்டது.

2022-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாளன்று ஆர்லாண்டோவில் நிகழ்ந்தது இதைவிடக் கொடியது. சுமார் 430 அடி உயரமுள்ள ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து இருக்கைகள் செங்குத்தாக வீழும் சவாரி அது. திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நிர்மாணித்தவரின் கையேட்டில் ஏறுபவரின் எடைக்கு உச்சவரம்பு 130 கிலோ என்றிருந்தது. பதினான்கே வயதான, ஆறடிக்கு மேல் வளர்ந்த, 170 கிலோவுக்கு மேற்பட்ட எடையுடைய சிறுவன் ஒருவன் ஏறினான். அவனுடைய இருக்கையில், தோள் சட்டம் போதிய அளவு தாழ்ந்ததா என்று காட்டும் உணர்கருவி, அதிக இடைவெளி இருந்தாலும் சம்மதம் தெரிவிக்கும்படி கையால் திருத்தப்பட்டிருந்தது என்பது பின்னர் நடந்த பரிசோதனையில் வெளியாயிற்று. விளக்கு சரி என்று எரிந்தது. இருக்கை விழுந்து அடிப்பகுதியில் வேகம் தணிந்த கணத்தில் அவன் சட்டத்தின் கீழே நழுவி வெளியே விழுந்து இறந்தான். இருக்கைப் பட்டை ஒன்றேனும் அங்கில்லை. பருத்த உடலினரை ஏற்றுக்கொள்ளும் இருக்கையை அமைப்பதும், ஏற்றுக்கொண்டதாக இயந்திரத்தைப் பொய் சொல்ல வைப்பதும் ஒன்றாகுமா? அச்சவாரி பிரித்தெடுக்கப்பட்டது; 2023-இல் ஃப்ளோரிடா சட்டசபை அச்சிறுவனின் பெயராலேயே ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றிற்று. அவனை அன்று தரையிலேயே தடுத்து நிறுத்தியிருந்தால் அவன் வாடியிருப்பான். ஆனால் வாழ்ந்திருப்பான்.

டெக்ஸாஸின் பூங்கா ஒன்றில் 2013-இல் ஒரு பெண்மணி ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து இறந்த பிறகு, அப்பூங்காவார் அதே சவாரியில் இருக்கைப் பட்டைகளைச் சேர்த்து, வாயிலில் மாதிரி இருக்கையும் வைத்தார்கள். நிர்வாகிகளின் கண் திறப்பதற்கு ஒவ்வொரு முறையும் ஓர் உயிர் போகவேண்டியிருக்கிறது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகளில் ஒரு வாசகம் உண்டு; அதன் கருத்தை எல்லா நாட்டுப் பூங்கா அதிபர்களும் தங்கள் மேஜையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பின் பொருட்டு நிபந்தனை விதிக்கலாம். ஆனால் அந்நிபந்தனை மெய்யான அபாயத்தை ஆதாரமாகக் கொண்டிருக்க வேண்டுமேயன்றி, ஊகத்தையும், ஒரு வகுப்பாரைப் பற்றிய பொதுப்படையான எண்ணத்தையும் ஆதாரமாகக் கொள்ளலாகாது. யுனிவர்சலின் வால்கனோ பே நீர்ப் பூங்காவில், பிறவியிலேயே ஒரு கை இல்லாதவர் ஒருவர் ஒரு சவாரியில் ஏற்றப்படாமல் வழக்காடினார். நிர்மாணித்தவரின் கையேட்டை அனுசரிக்குமாறு மாநிலச் சட்டம் கட்டளையிடுகிறது என்பது பூங்காவின் வாதம். மாநிலச் சட்டத்தைக் காட்டி மத்தியச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையேட்டை எழுதுகிறவன் என்றோ ஒரு நாள், எங்கோ ஓர் அறையில், 'இரண்டு கைகளும் அவசியம்' என்று எழுதிவிடுகிறான். உண்மையில் அவசியந்தானா என்று பரீட்சித்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு அதனால் மறைந்துவிடுவதில்லை.

எனினும் அச்சட்டம் உடற்பருமனைப் பற்றித் தனியே எதுவும் பேசவில்லை. எடையை முன்னிட்டுப் பாரபட்சம் காட்டலாகாது என்று மிச்சிகன் மாநிலம் 1976-லேயே சட்டம் செய்தது. நியூயார்க் நகரம் 2023-இல் செய்தது. ஆர்லாண்டோவோ, டிஸ்னிலாண்டு அமைந்த அனஹைமோ அவ்வெல்லைக்குள் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சட்டம் வகுத்துக் கொடுத்த உரிமை இருக்கிறது; பருத்த உடலோடு நடந்து வருபவருக்கு நிர்வாகத்தின் நல்லெண்ணம் மாத்திரமே இருக்கிறது.

சட்டம் இருந்தும் கைகொடாத சமயமும் உண்டு. 2009-இல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்டில், குழந்தைப் பொம்மைகள் பாடும் படகுச் சவாரி நடுவழியில் நின்றுவிட்டது. மற்றவர்கள் இறக்கி அழைத்துச் செல்லப்பட்டார்கள். சக்கர நாற்காலியோடு ஏறியிருந்த, கை கால் இயங்காத ஒருவரை வெளிக்கொணர ஏற்பாடில்லாமையால், அவர் அரைமணி நேரத்துக்கு மேல் அங்கேயே, ஓயாது ஒலித்த பாட்டின் நடுவே விடப்பட்டார். 2013-இல் நீதிமன்றம் அவருக்கு 8,000 டாலர் நஷ்டஈடு விதித்தது. ஏற்றுவதற்கு வழி செய்தவர்கள் இறக்குவதற்கு வழி செய்யவில்லை. ரோலர் கோஸ்டர் உச்சியில் நின்றுபோனால் செங்குத்தான ஏணிப்படி வழியே இறங்க முடியுமா என்று நம் முதியோரைப் பணியாளர்கள் விசாரிப்பதற்கும் இதுவே காரணம். அதை அவமதிப்பென்று கொள்ள வேண்டியதில்லை.

நடையின் கணக்கு

சவாரிகளை விட்டுவிடுவோம். முழங்கால் தேய்ந்த ஒருவருக்குப் பூங்காவின் பெரிய சவால் அதன் விஸ்தாரம். 1955-இல் அனஹைமில் திறந்த டிஸ்னிலாண்டு அடக்கமானது. 1971-இல் ஆர்லாண்டோவருகே திறந்த டிஸ்னி வேர்ல்டோ சுமார் நாற்பது சதுர மைல் பரப்பு. அதன் ஒரு பகுதியாகிய எப்காட்டில், பதினொரு நாடுகளின் மண்டபங்கள் சூழ்ந்த ஏரியை ஒரு முறை சுற்றி வருவதே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். அதன் பின் வரிசைகள், வெயில், ஃப்ளோரிடாவின் கோடையில் சென்னைக்குக் குறைவில்லாத புழுக்கம்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு விவாதம் எழுகிறது. வாயிலில் சக்கர நாற்காலியும் மின்சார ஸ்கூட்டரும் வாடகைக்குக் கிடைக்கும் என்று மகன் சொல்ல, "எனக்கென்னப்பா, நான் நல்லாத்தானே நடக்கிறேன், இதில உட்கார்ந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்று தாயார் மறுக்க, பகல் பன்னிரண்டு மணிக்குள் கால் வீங்கி, மாலையில் பேரனோடு வாணவேடிக்கையைக் காணாமலே அறைக்குத் திரும்புகிற கதை எத்தனை குடும்பங்களில் நடந்திருக்கிறது! தாயின் கூச்சத்தை நான் குறை கூற மாட்டேன். சக்கர நாற்காலியை ஆஸ்பத்திரியிலன்றி வேறெங்கும் கண்டிராத தலைமுறை அது. கண் மங்கினால் கண்ணாடி அணிவதுபோல், தூரம் மிகுந்தால் சக்கரம் ஏறுவது என்னும் எண்ணம் அவர்களுக்கு இன்னும் பழக்கமாகவில்லை. ஆனால் அங்குள்ள முதியோர் சற்றும் தயங்காமல் ஸ்கூட்டரில் ஏறிப் பேரக் குழந்தையை நடக்கவிட்டுப் பின்தொடர்வதைக் கண்ட பல தாய்மார்கள் மறுநாளே மனம் மாறிவிடுகிறார்கள்.

அங்கும் வசை இல்லாமலில்லை. பருத்த ஒருவர் ஸ்கூட்டரில் வந்தால், 'நடக்கச் சோம்பலுற்றவர்' என்று முணுமுணுப்பவர் உண்டு. மூட்டுத் தேய்வும், இருதயப் பலவீனமும், நிணநீர் வீக்கமும் வெளியே எழுதி ஒட்டப்பட்டிருப்பதில்லையே!

கண்ணுக்குப் புலப்படாத உபாதைகளின் விஷயம் இன்னும் சிக்கலானது. வரிசையில் நிற்க இயலாதவருக்கு டிஸ்னி நிறுவனம் முன்னர் ஒரு சலுகை அட்டை கொடுத்து வந்தது. செல்வர் சிலர் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு அமர்த்தி வரிசையைக் கடந்து சென்றதாகச் செய்தி வெளிவந்த 2013-ஆம் ஆண்டிலேயே அவ்வட்டை மாற்றப்பட்டு, குறித்த நேரத்தில் திரும்பி வருகிற முறை ஏற்பட்டது. 2024-இல் அதுவும் சுருக்கப்பட்டு, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளால் நீண்ட வரிசையில் காத்திருக்க முடியாதவர்களுக்கென்று ஆயிற்று. குடல் நோயாளியும் நரம்பு நோயாளியும் மற்ற ஏற்பாடுகளை நாடச் சொல்லப்பட்டார்கள். கலிஃபோர்னியாவில் வழக்கும் எழுந்தது. கூலிக்கு ஆள் பிடித்த செல்வர்கள் செய்த மோசடிக்கு, கழிப்பறையின் தூரத்தைக் கணக்கிட்டபடியே நாளைக் கழிக்கும் நோயாளி இன்று விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

┃ பெட்டிச் செய்தி: புறப்படுமுன்
┃ பெரிய பூங்காக்கள் ஒவ்வொன்றும் உடற்குறைபாடுடையோருக்கான கையேட்டை வெளியிடுகின்றன. எச்சவாரியில் நாற்காலியோடு ஏறலாம், எதில் மாறி அமரவேண்டும் என்பதை அதில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.
┃ மாதிரி இருக்கையில் அமரும்போது முதுகையும் இடுப்பையும் பின்புறம் நன்றாக ஒட்டி, நிமிர்ந்து அமரவேண்டும். கம்பி தொடைமேல் படிய இது உதவும்.
┃ மாற்றியமைத்த இருக்கை உண்டா என்று பணியாளரைக் கேட்கலாம். கேளாதவருக்கு அது தெரியாமலே போகிறது.
┃ வாடகைச் சக்கர நாற்காலிகள் முதலில் வருபவருக்கே என்பதால் காலையிலேயே செல்வது நலம்.
┃ குழந்தையால் ஏற முடியாத சவாரிகளில், பெற்றோர் இருவரும் மறுபடி வரிசையில் நில்லாமல் மாறி மாறி ஏறும் வசதி உண்டு.

கைவிட்ட கற்குவாரியில்

டெக்ஸாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் கார்டன் ஹார்ட்மன் என்பவர் வீடு கட்டி விற்கும் தொழிலில் செல்வம் ஈட்டியவர். அவருடைய மகள் மார்கன் அறிவிலும் உடலிலும் குறைபாடுகளுடன் பிறந்தவள். விடுமுறையில் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் அவள் மற்றக் குழந்தைகளோடு விளையாட நெருங்கியபோது அக்குழந்தைகள் விலகிச் சென்றதைக் கண்ட தந்தையின் மனத்தில் எழுந்த எண்ணம், 2010-ஆம் ஆண்டில், கைவிடப்பட்ட கற்குவாரியொன்றின் நிலத்தில், 25 ஏக்கரில் 'மார்கன்ஸ் வொண்டர்லாண்ட்' என்னும் பூங்காவாக உருப்பெற்றது. மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. சக்கர நாற்காலியோடு ஏறும் ஊஞ்சல் உண்டு. குதிரை ராட்டினத்தில் நாற்காலியோடு நிற்பவரும் குதிரையோடு சேர்ந்து மேலும் கீழும் எழுந்து தாழ்கிறார்.

2017-இல் அதனருகே ஒரு நீர்ப் பூங்கா திறந்தார்கள். மின்சார நாற்காலி நீரில் நனைந்தால் கெட்டுவிடும். அதன் பாட்டரி எடையும் அதிகம். ஆகவே பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள், அழுத்திய காற்றினால் ஓடும் நாற்காலியை அதற்கென்றே உருவாக்கித் தந்தார்கள். நீரும் நாற்காலியும் சேரா என்று உலகமே முடிவு கட்டியிருந்த காரியம் அது. யாரோ ஒருவர் உட்கார்ந்து சிந்தித்தவுடன் சேர்ந்துவிட்டது. இருக்கையின் அகலத்துக்கும் அத்தகைய சிந்தனை வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நம் கரையில்

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலியில் வருவோர் அலையருகே செல்வதற்கென நிரந்தர மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது, பின்னர் செப்பனிட்டார்கள். பாதை திறக்கும் வரையில், கடற்கரை நகரத்திலேயே பிறந்து வளர்ந்தும் கடல் நீரில் கால் நனைத்திராதவர்கள் அப்பாதையின் முனையில் நின்று கண்ணீர் வடித்ததைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. கேளிக்கை என்பது அற்பமான விஷயம், உணவும் மருந்தும் பேசிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அப்படங்களை மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆனால் அணுகல் வசதி பற்றிய விதி வெறும் யோசனையாகவே நிற்பதைச் சுட்டிக்காட்டி, 2024 நவம்பர் 8-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்விதி சட்டத்துக்கே முரணானதென்று தள்ளி, கட்டாயமாகப் பின்பற்றவேண்டிய தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசாங்கத்துக்கு ஆணையிட்டது. அத்தரங்களில் சாய்தளமும் மின்தூக்கியும் கழிப்பறைக் கதவும் இடம்பெறுவது போதாது. ராட்டினத்தின் இருக்கை எத்தனை அங்குலம், கம்பி எவ்வளவு தூரம் திறக்கும், ஏறுமேடைக்கு எத்தனை படிகள், நடுவழியில் நின்றால் எவ்வாறு இறக்குவார்கள் என்னும் விவரங்கள் சீட்டு வாங்கும் சன்னலருகே தமிழில் எழுதி வைக்கப்படவேண்டும். மாதிரி இருக்கை ஒன்று மறைவான இடத்தில் இருக்கவேண்டும். அளவு ஒத்துவராதவருக்கு, வரிசையில் நிற்குமுன்னரே, அச்சவாரிக்குரிய பணம் திருப்பித் தரப்படவேண்டும்.